60 கூற்றிலிருந்து 16-க்கு: கல்லூரி மாணவர்களின் படைப்பாற்றலை அளக்கச் சுருக்க வினாப்பட்டியல் தயாரிக்கும் முறை

எம்.எட்., பி.எச்டி. ஆய்வுகளில் படைப்பாற்றல் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. கூடவே தன்னம்பிக்கை, கற்றல் ஊக்கம், மன அழுத்தம் என்று இரண்டு மூன்று அளவுகோல்கள் சேர்ந்துகொள்ளும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பின் அடித்தால் 150 கூற்றுகளைத் தாண்டிவிடும். பாதி வழியிலேயே மாணவர் படிப்பதை நிறுத்திவிட்டு ஒரே கட்டத்தில் வரிசையாக டிக் போட ஆரம்பித்துவிடுவார். அந்தத் தரவின் மேல் எவ்வளவு நுணுக்கமான கணக்குப் போட்டாலும் வீண்தான். சுருக்க வடிவம் தேவைப்படுவது இதனால்தான்.

நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? நீளமான அளவுகோலை ஒரு வகுப்பில் கொடுத்து, எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றி, காரணிச் சுமை (அளக்கும் பொருளோடு கூற்றுக்கு உள்ள தொடர்பின் அளவு) அதிகமாக உள்ள 16 கூற்றுகளைப் பொறுக்கி, ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதை வைத்து நம்பகத்தன்மையைக் காட்டும் எண்) 0.85 வந்ததும் முடித்துவிடுகிறார்கள். அப்படிப் பொறுக்கிய 16-உம் ஒரே விஷயத்தை 16 விதமாகக் கேட்கும். ஆல்ஃபா ஏறும், அளக்கப்படும் பொருள் குறுகிவிடும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதைப் பொருளடக்கம்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். கணக்கு அதற்குப் பிறகு வரட்டும்.

எந்தப் படைப்பாற்றலை அளக்கப் போகிறீர்கள்?

1950-ல் உளவியலாளர் கில்ஃபோர்டு அமெரிக்க உளவியல் சங்கத்தில் ஆற்றிய தலைமை உரைக்குப் பிறகுதான் இந்தத் துறையில் அளவீடு வேகம் பிடித்தது. அவரது விரிசிந்தனைக் (ஒரே கேள்விக்குப் பல விடைகளைத் தேடும் சிந்தனை) கருத்தும், அதையொட்டி 1966-ல் வெளிவந்த டாரன்ஸ் சோதனைகளும் நம் பி.எட். பாடங்களில் உள்ளவைதான்: சரளம், நெகிழ்வு, தனித்தன்மை, விரிவாக்கம். ஆனால் அவை செயல் சோதனைகள். நேரம் வைத்து ஒரு வேலையைக் கொடுத்து, விடைகளைப் பயிற்சி பெற்றவர் மதிப்பிட வேண்டும்.

வினாப்பட்டியல் வேறு வகை. மாணவர் தன்னைப் பற்றித் தானே சொல்வதைத்தான் அது பதிவு செய்யும். அதிலும் மூன்று பிரிவுகள் உண்டு. தன் படைப்புத்திறன் மேல் உள்ள நம்பிக்கையைக் கேட்பது ஒன்று. கர்வோவ்ஸ்கியின் 11 கூற்று அளவுகோல் இந்த வகை; 6 கூற்றுகள் திறன் நம்பிக்கைக்கு, 5 கூற்றுகள் 'நான் படைப்பாற்றல் உள்ள ஆள்' என்ற அடையாளத்துக்கு. பழக்கங்களையும் துறைசார் ஈடுபாட்டையும் கேட்பது இன்னொன்று. 2012-ல் காஃப்மன் வெளியிட்ட அளவுகோலில் 94 கூற்றுகள், ஐந்து துறைகள். மூன்றாவது சாதனைப் பட்டியல். 2005-ல் கார்சனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டது பத்துத் துறைகளில் சாதனைகளைக் கேட்கும். இளங்கலை மாணவர்களிடம் சாதனைப் பட்டியலைக் கொடுத்தால் பெரும்பாலான கட்டங்களில் பூஜ்யம்தான் விழும். 19 வயதில் எத்தனை பேர் புத்தகம் போட்டிருப்பார்கள், காப்புரிமை வாங்கியிருப்பார்கள்? ஆகவே கல்லூரி மாணவர்களுக்குப் பழக்கம் சார்ந்த கூற்றுகள்தான் பொருந்தும்.

'இந்த வினாப்பட்டியல் எதை அளக்கிறது' என்று இரண்டே வரியில் எழுதுங்கள். பிறகு அதை நான்கு கூறுகளாகப் பிரியுங்கள். இந்த வழிகாட்டியில் எடுத்துக்கொள்ளும் நான்கு: பல யோசனைகளைத் தேடுதல், வழக்கத்தை மாற்றிப் பார்க்கும் துணிவு, ஒன்றை விடாமல் மெருகேற்றுதல், தன் துறைக்கு வெளியே உள்ளவற்றில் ஆர்வம். கூறு ஒன்றுக்கு 15 வீதம் 60 கூற்றுகள். இலக்கு, கூறுக்கு 4 வீதம் 16.

ஏற்கெனவே உள்ள அளவுகோலைச் சுருக்குவதானால் உருவாக்கியவரிடமோ வெளியீட்டாளரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். விலைக்கு வாங்கிய சோதனைத்தாள் என்றால், வாங்கியது பயன்படுத்தத்தான். வெட்டி வேறு பெயரில் வெளியிட உரிமை அதில் சேராது. வைவாவில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

வெட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

கூற்றுகளைக் குறைத்தால் நம்பகத்தன்மை குறையும். எவ்வளவு குறையும் என்பதை ஸ்பியர்மேன்–பிரவுன் சூத்திரம் முன்கூட்டியே சொல்லிவிடும். 60 கூற்றுகளுக்கு ஆல்ஃபா 0.92 என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு 16 கூற்றுகளை எடுத்தால் அது 0.75 ஆகும். மொத்த மதிப்பெண்ணுக்கு இது பரவாயில்லை. சிக்கல் கூறுகளில்தான். 15 கூற்றுகளில் 0.82 இருந்த ஒரு கூறு, ஏதோ நான்கை எடுத்தால் 0.55-க்கு இறங்கிவிடும்.

இதற்குக் காரணம் கூற்றுகளுக்கிடையே உள்ள சராசரி ஒட்டுறவு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு. 15 கூற்றுகளில் 0.82 என்றால் சராசரி ஒட்டுறவு சுமார் 0.23 மட்டுமே. அந்தக் கூறின் எல்லைக்குள் நன்றாகப் பொருந்தும் நான்கைத் தேர்ந்தெடுத்துச் சராசரி 0.40 ஆனால், நான்கு கூற்றுகளிலேயே 0.73 கிடைக்கும்; ஐந்து வைத்தால் 0.77. ஆசைப்பட்டு 0.60, 0.70 என்று ஒட்டுறவை ஏற்றினால், 'புதிய யோசனைகள் எனக்கு வரும்', 'எனக்குப் புதுப்புது யோசனைகள் தோன்றும்' என்று ஒரே கூற்றை இரண்டு தடவை எழுதிவிட்டீர்கள் என்று பொருள். சராசரியை 0.30 முதல் 0.45-க்குள் வைத்துக்கொள்வதே நல்லது.

தமிழில் கூற்று எழுதுவது

அதிக நேரம் இங்கேதான் செலவாக வேண்டும். ஆனால் பெரும்பாலும் ஒரே மாலையில் முடித்துவிடப்படும் பகுதியும் இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு: 'நான் பிரச்சினைகளைப் புதிய வழியில் தீர்ப்பவன்.' பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 'தீர்ப்பவன்' என்றதும் வகுப்பில் பாதிப் பேர் வெளியே நிற்கிறார்கள். 'தீர்ப்பவன்/ள்' என்று சாய்கோடு போட்டால் வாசிப்பு தடுக்கும். தன்மை வினைக்குப் பால் இல்லை என்பது நமக்கு வசதி. எல்லாக் கூற்றையும் 'செய்கிறேன்', 'யோசிக்கிறேன்' என்றே முடியுங்கள். அடுத்தது 'பிரச்சினை'. நம் பக்கத்தில் பிரச்சினை என்றால் சண்டை, வீட்டுக் கஷ்டம், பணத் தகராறு. கணக்கையோ செய்முறையையோ நினைத்து நீங்கள் எழுதினீர்கள். மாணவர் விடுதியில் நடந்த தகராறை நினைத்து டிக் போடுவார். மாற்றி எழுதினால்: 'ஒரு வேலை வழக்கமான முறையில் முடியாவிட்டால், வேறு வழி ஒன்றை நானே யோசித்துப் பார்க்கிறேன்.'

ஒரே கூற்றில் இரண்டு செய்திகளை வைக்காதீர்கள். 'புதிய யோசனைகளைச் சொல்கிறேன், அவற்றைச் செய்தும் காட்டுகிறேன்' என்பதற்கு, சொல்வதோடு நிற்கும் மாணவர் எதை டிக் செய்வார்?

எதிர்மறைக் கூற்றுகள் தமிழில் மிகவும் படுத்தும். 'வழக்கத்தை மாற்றுவது எனக்குப் பிடிக்காமல் இல்லை' போன்றவற்றைப் படித்து, 'ஒருபோதும் இல்லை' என்பதை டிக் செய்தால் என்ன அர்த்தம் என்று எழுதியவருக்கே குழப்பம் வரும். எதிர்த்திசைக் கூற்று வேண்டுமானால் இல்லை, மாட்டேன் எதுவும் சேர்க்காமல் எழுதுங்கள்: 'சொல்லிக்கொடுத்த முறையிலேயே வேலையை முடித்துவிடுகிறேன்.' இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் வகுப்பறையில் இது கீழ்ப்படிதல், நல்ல பெயர். படைப்பாற்றல் குறைவு என்று இதற்கு மதிப்பெண் போடுவது எவ்வளவு சரி என்பதைத் தரவு வந்த பின் பாருங்கள். எதிர்த்திசைக் கூற்றுகள் மட்டும் தனிக் காரணியாக ஒதுங்கி நின்றால் அது படைப்பாற்றலின் ஐந்தாவது கூறு என்று பெயர் வைத்துவிடாதீர்கள். எழுதிய விதத்தால் வந்தது அது. 16 கூற்றுகளில் எதிர்த்திசைக் கூற்றுகள் அதிகபட்சம் மூன்று போதும்.

சூழலும் கவனிக்க வேண்டியது. 'கோலத்தில் புதிய வடிவங்களை முயன்று பார்க்கிறேன்' என்பது படைப்பாற்றலைவிடப் பாலினத்தையே அதிகம் அளக்கும். 'விடுதி அறையை' என்று தொடங்கினால், பண்ருட்டியிலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் தினமும் பஸ்ஸில் வருகிற மாணவருக்குப் பொருந்தாது. 'ஆய்வகத்தில்' என்றால் தமிழ் இலக்கிய மாணவர் விழிப்பார். எல்லோருக்கும் பொதுவானவை: செமினார், அசைன்மென்ட், கல்லூரி விழா, வீட்டுச் செலவு, செல்போன்.

விடைத் தேர்வுக்கு 'உடன்படுகிறேன்' வகையைவிட எத்தனை தடவை என்று கேட்பது பழக்கக் கூற்றுகளுக்குப் பொருந்தும். ஒருபோதும் இல்லை, அரிதாக, சில சமயம், அடிக்கடி, எப்போதும் என்ற ஐந்து போதும். 'பெரும்பாலும்' என்பதை உள்ளே கொண்டுவராதீர்கள். அது அடிக்கடிக்கு மேலா கீழா என்று மாணவர்களுக்குள் ஒத்த கருத்து இருக்காது.

நிபுணர்களும் எட்டு மாணவர்களும்

கூற்றுகளை 6 முதல் 8 நிபுணர்களிடம் கொடுங்கள். எல்லோரும் கல்வியியல் துறையாக இருந்தால் பயன் குறைவு. உளவியல், தமிழ், கலை, பொறியியல் என்று கலந்து இருக்கட்டும். ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 4 வரை பொருத்த மதிப்பு கேளுங்கள். 3 அல்லது 4 போட்டவர்களின் விகிதம் 0.78-க்குக் கீழே போனால் கூற்றைத் திருத்துங்கள், அல்லது விட்டுவிடுங்கள். இன்னொரு வேலையும் கொடுங்கள்: கூறுகளின் பெயரை மறைத்து, எந்தக் கூற்று எந்தக் கூறில் சேரும் என்று அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் வேறு பக்கம் வைக்கும் கூற்று, பிறகு காரணிப் பகுப்பாய்விலும் (எந்தக் கூற்றுகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் கணக்கு) இரண்டு பக்கம் சாயும்.

அடுத்து எட்டு பத்து மாணவர்களைத் தனித்தனியாக உட்கார வைத்து, கூற்றைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, 'இதைப் படித்ததும் எந்தச் சம்பவம் ஞாபகம் வந்தது?' என்று கேளுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். தமிழ்வழி, ஆங்கிலவழி இரு தரப்பினரும் இதில் இருக்க வேண்டும்.

புதுச்சேரியில் மொழிக் கேள்வி இன்னும் பெரியது. காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம் 1985-ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். நாடு முழுவதிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். ஒன்றியப் பிரதேசத்துக்குள்ளேயே மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. தமிழ் வடிவத்தை மட்டும் வைத்து 'புதுச்சேரிப் பல்கலைக்கழக மாணவர்கள்' என்று தலைப்பு வைப்பது சரியாக இருக்காது. ஒன்று தமிழ் மாணவர்கள் என்று எல்லையைக் குறுக்குங்கள், இல்லாவிட்டால் தமிழ், ஆங்கிலம் இரண்டு வடிவங்களும் ஒரே பொருளில் இயங்குகின்றன என்று காட்டுங்கள். அதற்கு மொழிக்கு 200 பேராவது வேண்டும்.

களப்பணி

மூன்று மாதிரிகள் தேவை, மூன்றும் வேறு வேறு ஆட்கள். 60 கூற்று நீள வடிவத்துக்கு 400 பேர். 16 கூற்று வடிவத்தைத் தனியாகச் சோதிக்க 300 பேர். மறுசோதனைக்கு 80 பேர். மூன்று வார இடைவெளியில் இருமுறை.

400 பேரையும் ஒரே கல்லூரியின் நான்கு வகுப்புகளில் எடுத்துவிடாதீர்கள். ஒரு வகுப்பு மாணவர்கள் ஒரே ஆசிரியர், ஒரே பழக்கம் என்று ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். 400 என்று எண்ணினாலும் தகவல் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். 20 வகுப்புகளில் 20 பேர் வீதம் எடுப்பது நல்லது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே பொறியியல், வேளாண்மை, இசை, பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் என்று பரவிக் கிடக்கிறது. கடலூர்க் கலைக் கல்லூரிகள், புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடம் ஆகியவற்றையும் சேர்த்தால் துறை வேறுபாடு நன்றாகக் கிடைக்கும்.

நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். முதலாண்டு மாணவர்களில் 18 நிரம்பாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் வேண்டும். இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியரே தாளைக் கொடுத்து வாங்கினால் அதைச் சம்மதம் என்று சொல்ல முடியாது.

கடைசிப் பீரியடில் கொடுக்காதீர்கள். பஸ் பிடிக்கும் அவசரத்தில் நிரப்பிய தாள்கள் பார்த்தவுடன் தெரியும். மறுசோதனையை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வைப்பதும் ஆபத்து. வடகிழக்குப் பருவமழையில் கடலூர் மாவட்டத்துக்கு விடுமுறை அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மூன்று வாரம் ஆறு வாரமாகும், நடுவில் செமஸ்டர் தேர்வும் வந்துவிடும். ஆகஸ்டு அல்லது பிப்ரவரி பாதுகாப்பானது.

கூகுள் ஃபார்ம் வைத்தால் கட்ட வடிவக் கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். செல்போன் திரையில் தமிழ்ச் சொற்கள் நீளமாக இருப்பதால் ஐந்தாவது தேர்வு வலப்பக்கம் வெளியே போய்விடும். தள்ளிப் பார்க்காதவர்கள் முதல் மூன்றிலேயே முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு கூற்றும் தனிக் கேள்வியாக, தேர்வுகள் மேலிருந்து கீழாக இருக்கட்டும். எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்பதை அந்தப் படிவம் பதிவு செய்வதில்லை. நேரம் வேண்டுமானால் வேறு மென்பொருள் தேவை. கூற்றுக்கு இரண்டு நொடிக்கும் குறைவாக எடுத்தவர் படித்திருக்க மாட்டார். நடுவில் 'இந்தக் கூற்றுக்கு அரிதாக என்பதைத் தேர்ந்தெடுக்கவும்' என்று ஒன்றை வையுங்கள். தவறியவர்களையும், 60-க்கும் ஒரே விடை கொடுத்தவர்களையும் நீக்குங்கள். எத்தனை பேரை நீக்கினீர்கள் என்பது ஆய்வேட்டில் இடம்பெற வேண்டும்.

வெட்டும் வரிசை

முதலில் கூற்றுவாரியாக விடைப் பரவலைப் பாருங்கள். 'அடிக்கடி', 'எப்போதும்' இரண்டிலும் சேர்ந்து 80 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் அந்தக் கூற்று ஆட்களைப் பிரித்துக் காட்டாது. அடுத்து, ஒவ்வொரு கூற்றுக்கும் தன் கூறின் மீதிக் கூற்றுகளோடு உள்ள ஒட்டுறவு. 0.30-க்குக் கீழே இருப்பவை போகட்டும்.

பிறகு காரணிப் பகுப்பாய்வு. ஐந்து புள்ளி விடைகள் தரவரிசை வகை என்பதால் அதற்கேற்ற பாலிகோரிக் ஒட்டுறவு வைத்துச் செய்யுங்கள். எத்தனை காரணி என்பதற்கு 'ஐகன் மதிப்பு 1-க்கு மேல்' என்ற விதி வேண்டாம். 60 கூற்றுகளுக்கு அது பத்துப் பன்னிரண்டு காரணிகளைக்கூடக் காட்டும். ஹார்ன் 1965-ல் தந்த பேரலல் அனாலிசிஸ் முறையே (தற்செயல் தரவில் வருவதைவிடப் பெரிய காரணிகளை மட்டும் எண்ணுவது) நம்பத்தகுந்தது. ஜமோவி, ஜாஸ்ப் மென்பொருள்கள் இரண்டும் இலவசம், இரண்டிலும் இது இருக்கிறது. பாலிகோரிக்கும் சேர்த்து விரிவாகச் செய்ய ஆர் மென்பொருளில் சைக், லவான் தொகுப்புகள்.

இங்கே ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஒவ்வொரு கூறுக்கும் தேறிய ஏழெட்டுக் கூற்றுகளை ஒரு தாளில் எழுதி, அந்தக் கூறின் எந்தப் பக்கத்தை எது தொடுகிறது என்று பக்கத்தில் குறியுங்கள். 'விடாமல் மெருகேற்றுதல்' என்றால் திருத்தி எழுதுவது, பிறரிடம் கருத்துக் கேட்பது, பாதியில் விட்டதை மீண்டும் எடுப்பது, நுணுக்கங்களில் கவனம் என்று நான்கு பக்கங்கள். ஒவ்வொன்றிலும் சுமை அதிகமுள்ள ஒன்றை எடுங்கள். திருத்தி எழுதுவது பற்றிய மூன்று கூற்றுகள் 0.78, 0.75, 0.74 என்று மேலே நின்றாலும் ஒன்றுதான் உள்ளே வரும். கருத்துக் கேட்பது பற்றிய 0.56 கூற்று அடுத்ததாக வரட்டும். 0.50-க்கு மேல் இருந்தால் போதும். இப்படிச் செய்தால் ஆல்ஃபா சற்றுக் குறையும். கைடு கேட்டால் காரணத்தைச் சொல்லலாம்.

சுருக்க வடிவம் தனித்து நிற்குமா?

பெரும்பாலான ஆய்வேடுகள் சறுக்குவது இங்கே. நீள வடிவத் தரவிலிருந்தே 16 கூற்றுகளைப் பிரித்தெடுத்து, 60-இன் மொத்தத்தோடு ஒட்டுறவு பார்த்தால் 0.93, 0.95 என்று வரும். அந்த 16-உம் 60-க்குள்ளேயே இருக்கின்றன. ஒரே அளவீட்டுப் பிழை இரண்டு பக்கமும் எண்ணப்படுகிறது. உயராமல் என்ன செய்யும்? சுருக்க வடிவங்களில் நடக்கும் தவறுகளைப் பற்றி 2000-ல் ஸ்மித், மெக்கார்த்தி, ஆண்டர்சன் எழுதிய கட்டுரை இதைத்தான் முக்கியமாகச் சுட்டியது. 16 கூற்றுத் தாளை மட்டும் அச்சடித்து, இரண்டாவது மாதிரியின் 300 பேரிடம் கொடுங்கள். முன்னால் 44 கூற்றுகள் இல்லாதபோது அதே கூற்றுக்கு விடை மாறுவதுண்டு.

அந்தத் தரவில் உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வு செய்யுங்கள்; நான்கு கூறு அமைப்பு தரவோடு பொருந்துகிறதா என்று அது காட்டும். பொருத்தக் குறியீடுகளில் சி.எஃப்.ஐ. 0.95 பக்கம், ஆர்.எம்.எஸ்.இ.ஏ. 0.06 பக்கம் இருந்தால் நல்லது. பொருத்தம் வரவில்லை என்று ஏமோஸ் மென்பொருள் காட்டும் திருத்தக் குறிப்புகளையெல்லாம் வரிசையாகச் சேர்த்து அம்பு போட்டுக்கொண்டே போகாதீர்கள். இரண்டு கூற்றுகளின் பிழைகளை இணைக்கச் சொன்னால், அவை இரண்டும் ஏறக்குறைய ஒரே வாக்கியமா என்று போய்ப் பாருங்கள். ஆண், பெண் சராசரிகளை ஒப்பிடும் முன் அளவீட்டுச் சமத்துவம் (இரு குழுவிலும் கூற்றுகள் ஒரே மாதிரி இயங்குகின்றனவா என்பது) சோதிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் சி.எஃப்.ஐ. 0.01-க்கு மேல் சரிந்தால் ஒப்பீட்டை நிறுத்திவிட்டு, எந்தக் கூற்று கெடுக்கிறது என்று தேடுங்கள். நம்பகத்தன்மைக்கு ஆல்ஃபாவுடன், காரணிச் சுமைகளை வைத்துக் கணக்கிடும் ஒமேகாவையும் கொடுங்கள். மறுசோதனை ஒட்டுறவு 0.70-க்கு மேல் எதிர்பார்க்கலாம்.

ஏற்புடைமைக்கு (அளக்க நினைத்ததையே அளக்கிறதா என்பதற்கு) வெளியிலிருந்து ஒரு சான்று தேவை. 100 பேருக்குக் கூடுதலாக ஒரு செயல் சோதனை வையுங்கள்: 'கொட்டாங்குச்சியை வைத்து என்னென்ன செய்யலாம்? மூன்று நிமிடம்.' செங்கல்லை வைத்துக் கேட்பது பழைய வழக்கம். கொட்டாங்குச்சி நம் மாணவர்களுக்குக் கைப்பழக்கமான பொருள். அகப்பை, உண்டியல், அடுப்பெரிக்க என்பவை எல்லோரும் எழுதுவார்கள். மற்றவர்கள் எழுதாத விடைக்குத்தான் தனித்தன்மை மதிப்பு. அதை மொத்தமாகக் கூட்டாதீர்கள். நிறைய எழுதியவர்தான் முதலில் வருவார். விடைகளின் சராசரியை எடுங்கள், அல்லது மாணவரே தேர்ந்தெடுத்த சிறந்த இரண்டை மட்டும் மதிப்பிடுங்கள். மதிப்பீட்டாளர்கள் மூன்று பேர், தனித்தனியாக, இணக்கம் 0.70-க்குக் கீழே போனால் விதிகளைப் பேசி மறுபடி செய்யுங்கள்.

வினாப்பட்டியலுக்கும் இந்தச் செயல் சோதனைக்கும் ஒட்டுறவு 0.20, 0.30 அளவில் வந்தால் பதற வேண்டாம். தன்னைப் பற்றிச் சொல்வதும் செய்து காட்டுவதும் ஒன்றல்ல. 0.70 வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மதிப்பெண்ணை எப்படிக் கையாள்வது

நான்கு கூற்றுக் கூறின் மதிப்பெண் 4 முதல் 20 வரை. திட்டவிலக்கம் 3.2, நம்பகத்தன்மை 0.73 என்று எடுத்தால் அளவீட்டின் திட்டப்பிழை 1.66. அதாவது இருபுறமும் ஏறக்குறைய இரண்டு திட்டப்பிழை விட்டால், 14 வாங்கிய மாணவரின் உண்மை மதிப்பு 11-இலும் இருக்கலாம், 17-இலும் இருக்கலாம். தனி மாணவருக்குக் கூறுவாரி மதிப்பெண் தருவது இதனால்தான் தவறு. குழு ஒப்பீட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மொத்த மதிப்பெண் சற்று உறுதியானது. அதற்கும் 'உயர் படைப்பாற்றல், நடுத்தரம், குறைவு' என்று சராசரிக்கு மேலும் கீழும் கோடு போட்டுப் பெயர் சூட்டும் வழக்கத்தை விடுங்கள். அந்தக் கோட்டுக்கு எந்த ஆதாரமும் இல்லை. பிளேஸ்மென்ட் செல்லோ, விடுதி மாணவர் குழுவோ ஆள் தேர்வுக்கு இதைக் கேட்டால் கொடுக்காதீர்கள். மதிப்பெண் எதற்கு என்று தெரிந்ததும் எல்லோரும் 'எப்போதும்' என்றே டிக் போடுவார்கள்.

கடைசியாக, தாளுடன் இரண்டு பக்கக் கையேடு ஒன்றைத் தயார் செய்யுங்கள். அறிவுரை வாசகம், எந்தக் கூற்று எந்தக் கூறு, எவை தலைகீழாக மதிப்பிடப்படும், மாதிரிகளின் விவரம், ஒமேகாவும் மறுசோதனையும், 16-இல் ஒன்றிரண்டு விடுபட்டால் என்ன செய்வது, இவை போதும். நீக்கிய 44 கூற்றுகளையும், ஒவ்வொன்றையும் ஏன் நீக்கினீர்கள் என்ற ஒரு வரிக் காரணத்தையும் பின்னிணைப்பில் வையுங்கள். அடுத்து திருத்த வருகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.